பெரியம்மாவின் எக்கோ ரிப்போர்ட்: வால்வு கசிவைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை

(பேசியதைக் கொஞ்சம் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

வழக்கமா நான் பெங்களூர்ல என் ரூம்ல, போர்வையைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு, எக்கோ வந்துடக் கூடாதுன்னு பயந்து பயந்து ரெக்கார்ட் பண்ணுவேன். இந்த வாரம் அப்படியே தலைகீழ். எக்கோவைப் பத்தித்தான் முழு எபிசோடும். அதுவும் ரெக்கார்டிங் இண்டூர்ல, பெரியம்மா வீட்டுத் திண்ணையில. நடுவுல பஸ் ஹாரன் கேட்டா மன்னிச்சிடுங்க.

இண்டூர் தெரியாதவங்களுக்கு: தருமபுரியிலிருந்து பென்னாகரம் போற வழியில இருக்கிற ஊர். ஒகேனக்கல்லுக்குப் போற அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க.

போன மாசம் பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை என்கிட்ட கொடுத்தாங்க. உள்ளே முப்பது வருஷத்துக்கு மேலான ரிப்போர்ட்டுகள். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு." கம்ப்யூட்டருக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்க வாய் வரல. வாங்கிப் பார்த்தேன். ஒரு ரிப்போர்ட்டில் "மைட்ரல் வால்வு கசிவு, மிதமானது". அடுத்ததில் "மிதமானதிலிருந்து கடுமையானது வரை". அதற்கடுத்த வருஷம் மறுபடி "மிதமானது".

எனக்கு வந்த முதல் கேள்வி இதுதான். கசிவு என்பது ஒரு ஓட்டை. ஓட்டை எவ்வளவு பெரிசு என்பது ஒரு எண். அது எப்படி வருஷா வருஷம் முன்னும் பின்னும் போகும்? இதைத் தேடப் போய்த்தான் ஒரு கப்பல் கட்டும் தளம், ஒரு வானியல் கணக்கு, வேலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் என்று எங்கெங்கோ போய் வந்தேன்.

முதலிலேயே சொல்லிடறேன்: நான் டாக்டர் இல்லை. உங்க ரிப்போர்ட்டை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.

கதவும் அதன் கீலும்

இதயத்தின் இடது பக்கத்தில் இரண்டு அறைகள். மேலறைக்கு நுரையீரலிலிருந்து ரத்தம் வருகிறது. கீழறை அதை உடம்பு முழுக்கத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இரட்டைக் கதவுதான் மைட்ரல் வால்வு. கீழறை இறுகும்போது கதவு இறுக்கமாக மூட வேண்டும். மூடாவிட்டால் ரத்தத்தில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். அதுதான் கசிவு. டாக்டர்கள் வாயில் 'லீக்', ரிப்போர்ட்டில் 'எம்.ஆர்.'

இதே கதவுக்கு இன்னொரு நோயும் வரும். ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, கதவு சரியாகத் திறக்காமல் போவது. அதற்குச் சுருக்கம் என்று பெயர். ஒரே வால்வில் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே இதில்தான் இருக்கு.

நம்ம நாட்டில் இளம் வயதிலேயே வால்வு கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் ஒரு தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி ஒரு குழந்தையின் தொண்டையில் வருகிறது. உடம்பு அதை எதிர்த்துப் போராடுகிறது. சில குழந்தைகளுக்கு அந்தப் போராட்டம் ஆளை மாற்றி அடித்துவிடுகிறது. கிருமிக்கான எதிர்ப்பு, மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். இந்த வாரம் முட்டி வீங்கும், அடுத்த வாரம் மணிக்கட்டு. மூட்டு சரியாகிவிடும். வால்வில் விழுந்த தழும்பு அப்படியே நிற்கும். ஒவ்வொரு முறை அந்தக் கிருமி திரும்ப வரும்போதும் தழும்பு மேல் தழும்பு.

பெரியம்மாவுக்கு அது 1980-ல், பதின்மூன்று வயதில் வந்தது. "வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று முதலில் விட்டார்கள். காய்ச்சல் நிற்காததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று சொன்னார் டாக்டர். இடுப்பில் போடுகிற, போட்டால் ஒரு நாள் முழுக்கக் கடுக்கிற ஊசி. புதிதாகத் தொண்டைக் கிருமி வராமல் தடுக்கத்தான் அது. அதாவது, இருக்கும் தழும்பை ஆற்ற இல்லை, அடுத்த தழும்பு விழாமல் காக்க.

காதும் விரலும்

அந்த டாக்டரிடம் அன்றைக்கு இருந்த கருவி ஸ்டெதாஸ்கோப். 1816-ல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய கருவி. கசியும் வால்வு 'உஸ்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். 1933-ல் அமெரிக்காவில் சாமுவேல் லெவினும் அவருடைய சக மருத்துவரும் அந்தச் சத்தத்தை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். உற்றுக் கேட்டால் மட்டும் கேட்பது முதல் படி. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுத்த பிறகும் கேட்பது ஆறாவது.

ஆனால் சத்தத்தின் அளவும் கசிவின் அளவும் ஒன்றல்ல. குழாய் முனையில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் குறையும், சத்தம் கூடும். சின்ன ஓட்டை பெரிதாகக் கத்தலாம், பெரிய ஓட்டை அமைதியாக இருக்கலாம்.

1948-ல் அமெரிக்காவில் மைட்ரல் சுருக்கத்துக்கு அறுவை சிகிச்சை வெற்றிகரமாகத் தொடங்கியது. துடிக்கிற இதயத்தின் மேலறையில் ஒரு சின்ன துளை. அதற்குள் சர்ஜன் தன் ஆள்காட்டி விரலை விட்டு, ஒட்டியிருக்கும் கதவைப் பிரித்துவிடுவார். நம்ம ஊரில் இதைப் பெரிய அளவில் செய்த இடம் வேலூர் சி.எம்.சி. ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவும் 1983-ல் 'சர்க்குலேஷன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த முறையில் அவர்கள் வரிசையாகச் சிகிச்சை செய்த 3,724 பேரின் கணக்கு அது. ஒரே மருத்துவமனையில் மூவாயிரத்து எழுநூறு சொச்சம் இதயங்கள். இந்த நோய் இங்கே எவ்வளவு பரவியிருந்தது என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

விரல் உள்ளே இருக்கும்போது சர்ஜனால் இன்னொன்றையும் உணர முடியும். வால்வு கசிந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பீய்ச்சி விரல் நுனியில் அடிக்கும். கசிவை அளக்க அன்றைக்கு இருந்த நேரடியான கருவிகளில் ஒன்று ஒரு மனுஷனின் விரல் நுனி! நெஞ்சைத் திறந்த பிறகுதான் அது கிடைக்கும் என்பதுதான் சிக்கல்.

ஏன் சிக்கல்? சுருங்கிய வால்வைப் பிரித்துவிட்டால் நோயாளிக்கு நல்லது. ஏற்கெனவே அதிகமாகக் கசிகிற வால்வை இன்னும் பிரித்துவிட்டால் கசிவு கூடும், ஆள் போய்விடலாம். ஆக, நெஞ்சைத் திறப்பதற்கு முன்பே தெரிய வேண்டும்: இந்த வால்வு கசிகிறதா, எவ்வளவு?

கப்பல் தளத்தில் ஒரு கருவி

இதே கேள்விதான் சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்த இங்கே எட்லர் என்ற இதய மருத்துவருக்கும் வந்தது. அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் முன் நோயாளிகளைப் பரிசோதிப்பது அவர் வேலை. அவருக்குப் பழக்கமானவர் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளர். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நாம கிகாஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ்னு தினமும் சொல்றோமே, அந்த ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் குடும்பம்தான். இவருடைய அப்பா குஸ்தாவ் ஹெர்ட்ஸ் இயற்பியலில் நோபல் வாங்கியவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் கருவிகள் வந்திருந்தன. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, விரிசலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத் திரையில் காட்டும். மால்மோ நகரத்தில் கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் அப்படி ஒன்று இருந்தது. இருவரும் அதைப் போய்ப் பார்த்தார்கள். நெஞ்சில் வைத்தபோது, துடிப்போடு சேர்ந்து அசையும் ஓர் எதிரொலி திரையில் தெரிந்தது. பிறகு சீமன்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு கருவியை இரவலாக வாங்கி, 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் முதல் அல்ட்ராசவுண்ட் பதிவை எடுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் செய்த தப்பு. அழகாக அசையும் அந்த எதிரொலி, மேலறையின் சுவரிலிருந்து வருகிறது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு இறந்த நோயாளிகளின் உடலில், ஒலி போன அதே திசையில் ஊசியைச் செலுத்திப் பார்த்துத்தான், அது மைட்ரல் வால்வின் முன் கதவு என்று கண்டுபிடித்தார்கள். நாமும் லாக் ஃபைலைப் பார்த்து வேற மாட்யூலைத் திட்டிட்டு இருப்போமே, அதே கதை.

கதவு அசைவது தெரிந்துவிட்டதால் சுருக்கத்தைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. கதவு மெதுவாக மூடினால் சுருக்கம். ஆனால் எட்லருடைய இன்னொரு கேள்வி, கசிவு? அதற்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கருவிக்குக் கதவு தெரிந்தது. கதவு இடுக்கு வழியாக ஓடும் ரத்தம் தெரியவில்லை. 1977-ல் இருவருக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. அப்போதும் கசிவை அல்ட்ராசவுண்டில் நேராகப் பார்ப்பது கைக்கு எட்டவில்லை.

நட்சத்திரத்தின் நிறமும் ரத்தத்தின் வேகமும்

ஓட்டத்தைப் பார்க்க வேறொரு யோசனை தேவைப்பட்டது. அது 1842-லேயே பிராக் நகரத்தில் சொல்லப்பட்டுவிட்டது. இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி கிறிஸ்டியன் டாப்ளர் எழுதிய கட்டுரை. நம்மை நோக்கி வரும் பொருளிலிருந்து வரும் அலை நெருங்கும், விலகிப் போனால் அலை விரியும். ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டிப் போகும்போது சைரன் சத்தம் இறங்குமே, அதுதான்.

1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் ஷிகேயோ சாட்டோமுரா இதை அல்ட்ராசவுண்டோடு சேர்த்து இதயத்தில் பயன்படுத்திக் காட்டினார். 1970-களில் நார்வேயில் ஹோலன், லிவ் ஹாட்லே போன்றவர்கள் வேகத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். பொறியியல் இரண்டாம் வருஷத்தில் அரியர் வாங்க வைத்த அதே பெர்னூலி சமன்பாடு! அவர்கள் அதைச் சுருக்கி ஒரு வரியாக்கினார்கள்: வேகத்தை அதனாலேயே பெருக்கி, நான்கால் பெருக்கு. கசியும் ரத்தம் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், இரு அறைகளுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 100 மில்லிமீட்டர் பாதரசம். ஊசி குத்தாமல், நெஞ்சைத் திறக்காமல்.

அடுத்து வண்ணம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் அலோகா நிறுவனத்தில் கசாய், நமேகாவா ஆகியோர், ஒவ்வொரு புள்ளியிலும் அடுத்தடுத்து வரும் எதிரொலிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அந்தப் புள்ளியின் வேகத்தை உடனுக்குடன் கணக்கிடும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஆட்டோ கோரிலேஷன். சிக்னல் பிராசஸிங் படிச்சவங்க இப்ப நிமிர்ந்து உட்காருவீங்க. புரோபை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம். மிக வேகமாகவும் கலங்கியும் ஓடினால் எல்லா நிறமும் கலந்த ஒரு தெறிப்பு. சினிமாவில் ஓடும் வண்டிச் சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே, அந்த அலியாசிங்தான் இங்கேயும் நிறத்தைக் குழப்புகிறது.

கசிவு அல்ட்ராசவுண்டில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு படமானது. மூடியிருக்க வேண்டிய கதவுக்குப் பின்னால், மேலறைக்குள் பாயும் ஒரு வண்ணச் சுடர். எட்லர் கேட்ட கேள்விக்குப் பதில் வர ஏறக்குறைய முப்பது வருஷம்.

ஒரு மில்லிமீட்டர்

பார்க்க முடிந்தது, சரி. அளப்பது?

முதலில் எல்லாரும் செய்தது, சுடர் எவ்வளவு பெரிசு என்று பார்ப்பது. ஆனால் அது ஏமாற்றும். இயந்திரத்தின் கெயினைக் கூட்டினால் சுடர் பெருக்கும். ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் பெருக்கும். சுவரை ஒட்டிப் பாயும் கசிவு உண்மையில் பெரிதாக இருந்தாலும் படத்தில் சின்னதாகத் தெரியும்.

அதனால் ஓட்டைக்கு அந்தப் பக்கம் தெறிப்பதை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் கூடுவதைப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் அடைப்பானை எடுத்தால், ஓட்டையை நெருங்க நெருங்க தண்ணீர் வேகமெடுக்கும். ஓட்டையைச் சுற்றி ஒரே தூரத்தில் ஒரே வேகம். பாதி உருண்டை மாதிரி ஒரு வடிவம். இதய வால்வுக்கு முன்னாலும் அந்த அரை உருண்டை வண்ணப் படத்தில் தெரியும். அதன் ஆரத்தை அளந்தால், பரப்பு தெரியும். பரப்பை அங்கே இருக்கும் வேகத்தால் பெருக்கினால், நொடிக்கு எவ்வளவு ரத்தம் என்று தெரியும். அதை ஓட்டையில் பாயும் உச்ச வேகத்தால் வகுத்தால், ஓட்டையின் பரப்பு கிடைத்துவிடும்.

நானே போட்டுப் பார்த்தேன். ஆரம் 8 மில்லிமீட்டர், அங்கே வேகம் நொடிக்கு 40 சென்டிமீட்டர், உச்ச வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். ஓட்டை 0.32 சதுர சென்டிமீட்டர். அமெரிக்க எக்கோ சங்கத்தின் வழிகாட்டுதலில் 0.40-லிருந்து 'கடுமையானது'. அப்போ இது மிதமானது. இப்போது ஆரத்தை 9 மில்லிமீட்டர் என்று மாற்றுங்கள். 0.41. கடுமையானது! ஆரத்தை அதனாலேயே பெருக்குவதால், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தையையே மாற்றிவிடுகிறது.

பெரியம்மாவின் ரிப்போர்ட் முன்னும் பின்னும் போனதன் மர்மம் எனக்கு இங்கேதான் உடைந்தது. ஓட்டை அப்படியே இருந்திருக்கலாம். அன்றைய ரத்த அழுத்தம், பார்த்தவரின் கை, ஒரு மில்லிமீட்டர், இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். அதனால்தான் ஒரே எண்ணை நம்பாதீர்கள், சுடரின் கழுத்து எவ்வளவு அகலம், மேலறை வீங்கியிருக்கிறதா, கீழறை சோர்ந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்று அந்த வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை மாறினதும் கூகுள் பண்ணி அழுவதற்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

எண்ணும் கருவி, எண்ணப்படும் குழந்தைகள்

ஒரு ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால், ஊருக்கே கணக்கெடுக்கும்போது? இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான்.

2001–02-ல் வேலூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. சி.எம்.சி.யைச் சேர்ந்த ஜோஸும் கோமதியும் 2003-ல் அதை வெளியிட்டார்கள். 2,29,829 பள்ளிப் பிள்ளைகள். மருத்துவப் பரிசோதனையில் சந்தேகம் வந்தவர்களுக்கு எக்கோ எடுத்து உறுதிசெய்யும் முறை. ருமாட்டிக் இதய நோய் ஆயிரத்துக்கு 0.68 பேருக்குத்தான் இருந்தது. நோய் குறைந்துவிட்டது என்பது முடிவு. நல்ல செய்தி, அதில் உண்மையும் இருக்கிறது. வீட்டில் நெரிசல் குறைவதும், தொண்டை வலிக்கு மருந்து கிடைப்பதும் இந்த நோயைக் குறைக்கும்.

சில வருஷம் கழித்து, டெல்லிக்குப் பக்கத்தில் ஹரியானாவின் பல்லப்கரில், எய்ம்ஸ் மருத்துவர்கள் 6,270 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பில் ஆயிரத்துக்கு 0.8 பேர். கிட்டத்தட்ட வேலூர் எண்தான். ஆனால் இவர்கள் சந்தேகத்துக்குக் காத்திருக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுத்தார்கள். ஆயிரத்துக்கு 20.4 பேர்! இருபத்தைந்து மடங்கு. இதற்கு முன்பே, 2007-ல் கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் செய்த ஆய்விலும் எக்கோவில் ஏறக்குறைய பத்து மடங்கு தெரிந்தது.

அதே பிள்ளைகள், அதே இதயங்கள். மாறியது கருவி மட்டும். லாக் லெவலை 'எரர்' என்று வைத்தால் சர்வர் சூப்பரா ஓடுது. 'வார்னிங்' என்று வைத்தால் திரை நிரம்புது. எது உண்மை?

இரண்டுமே முழு உண்மை இல்லை. நல்ல ஆரோக்கியமான வால்விலும் துளி கசிவு தெரியும். எனக்கோ உங்களுக்கோ இருக்கலாம். அதை நோய் என்று சொல்லிவிட்டால், ஆரோக்கியமான ஒரு பிள்ளைக்கு வருஷக் கணக்கில் ஊசி, அந்த வீட்டுக்கு ஆயுசுக்கும் பயம். அதனால் 2012-ல் உலக இதயக் கூட்டமைப்பு ஒரு கோடு போட்டது. கசிவு இரண்டு கோணங்களில் தெரிய வேண்டும், ஒரு கோணத்திலாவது 2 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், வேகம் நொடிக்கு 3 மீட்டராவது இருக்க வேண்டும், இதயம் இறுகும் நேரம் முழுக்க இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் கணக்கில் வரும். 2023-ல் அந்த வரையறையைத் திருத்தியும் வெளியிட்டார்கள்.

சரி, சத்தமே இல்லாத சின்னக் கசிவைக் கண்டுபிடித்துவிட்டோம். ஊசி போட்டால் பலன் உண்டா? இந்தக் கேள்விக்கு 2021-ல்தான் தெளிவான பதில் வந்தது. வடக்கு உகாண்டாவில், எக்கோவில் மட்டும் தெரிந்த ஆரம்ப நிலை நோயுள்ள 818 பிள்ளைகள். பாதிப் பேருக்கு நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, மீதிப் பேருக்கு இல்லை. இரண்டு வருஷம் கழித்து எக்கோவில் பார்த்தபோது, ஊசி போட்ட பக்கம் 3 பேருக்கு நோய் முற்றியிருந்தது. போடாத பக்கம் 33 பேருக்கு.

பதினொரு மடங்கு. ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்க. ஊசி போடாதவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முற்றவில்லை. யாருக்கு முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல இன்றைக்கும் வழியில்லை. ஒருவரைக் காக்க பலருக்கு ஊசி. அந்த ஒருவர் நம்ம வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கணக்கே வேற.

திண்ணைக்குத் திரும்புவோம்

பெரியம்மாவுக்கு ஊசி எப்போது நின்றது என்று கேட்டேன். கல்யாணத்தோடு. "மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊசின்னு சொன்னா, பொண்ணுக்கு என்ன சீக்குன்னு கேப்பாங்கல்ல கண்ணு. எங்கம்மா சொல்ல வேண்டாம்னுடுச்சு." புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டாவது பிரசவத்தின்போது படுத்தால் மூச்சு முட்டியது. அப்போதுதான் முதல் எக்கோ. பிளாஸ்டிக் கவரில் முதல் காகிதம் அதுதான்.

1842-ல் டாப்ளர், 1953-ல் எட்லர், 1980-களில் வண்ணம் என்று நான் வரிசைப்படுத்திக் கொண்டே வந்தேன் இல்லையா? அந்த வரிசையில் பெரியம்மாவை வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. அவங்களுக்குத் தேவைப்பட்டது புதுக் கருவி இல்லை. 1980-லேயே ஸ்டெதாஸ்கோப்பும் ஊசியும் வேலை செய்தன. நோயைக் கண்டுபிடித்தாயிற்று, மருந்தும் கொடுத்தாயிற்று. நடுவில் கசிந்தது வெட்கம்.

இப்போ ஏன் இந்த எபிசோட் என்றால், அக்கா பொண்ணுக்கு, அதாவது பெரியம்மாவின் பேத்திக்கு, பத்து வயசு. போன மாசம் காய்ச்சலும் முட்டி வலியும். பாட்டிக்கு இருந்த நோயைச் சொன்னதும் டாக்டர் எக்கோ எடுக்கச் சொன்னார். சின்னக் கசிவு. நான் மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளையும் தாண்டுகிற கசிவு. ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்கவில்லை. அவங்கம்மா காலத்திலோ பாட்டி காலத்திலோ இந்தக் கசிவை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். டாக்டர் பென்சிலின் ஆரம்பித்துவிட்டார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

அக்கா போனில் என்னிடம் முதலில் சொன்னது: "வெளிய யார்கிட்டயும் சொல்லாதடா. பொண்ணு வளர்றா."

அதே வாக்கியம். நாற்பது வருஷம் கழித்தும்.

இந்த முறை பதில் சொன்னது நான் இல்லை, பெரியம்மா. போனை வாங்கிச் சொன்னார்கள்: "ஊருக்கு டமாரம் அடிக்க வேண்டாம். ஆனா பள்ளிக்கூடத்து டீச்சருக்கு, நர்சம்மாவுக்கு, நாளைக்குக் கட்டிக்கப் போறவனுக்குத் தெரியணும். நான் மறைச்சேன், எனக்கு மூச்சு முட்டுச்சு." அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், சரி என்றாள். இந்தக் கதையை இங்கே சொல்லவும் அவள்தான் அனுமதி கொடுத்தாள், பெயர் மட்டும் வேண்டாம் என்று.

கேட்கிற உங்களில் பலருக்கு இப்போ அல்லது இன்னும் சில வருஷத்தில் குழந்தைகள் இருப்பாங்க. தொண்டை வலியோட காய்ச்சல் வந்தா தைலம் தேய்ச்சு விட்டுடாதீங்க, டாக்டரைப் பாருங்க. மூட்டு வலி இடம் மாறி இடம் மாறி வந்தா, வளர்ற வயசுன்னு சொல்லி ஒதுக்காதீங்க. வீட்டுல பெரியவங்க யாருக்காவது சின்ன வயசுல 'ஊசி போட்டுட்டு இருந்தாங்க'ன்னு கதை இருந்தா, உட்கார்ந்து கேளுங்க. அதுவும் ஒரு மெடிக்கல் ரெக்கார்ட்தான்.

நான் என்ன செய்தேன் என்றால், அக்கா பொண்ணுக்கு ஒரு ஆப் எழுதறேன், 21 நாளைக்கு ஒருமுறை நோட்டிஃபிகேஷன் வரும் என்று பெருமையாகச் சொன்னேன். பெரியம்மா சிரித்துவிட்டு உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றிக் கொண்டு வந்தார்கள். தாளை எண்ணி, இருபத்தொன்றாவது தாளின் மூலையில் பேனாவால் ஒரு சுழி. மறுபடி எண்ணி, இன்னொரு சுழி. வருஷக் கடைசி வரைக்கும் போட்டு முடித்துவிட்டு, அதை ஓசூருக்கு எடுத்துப் போகச் சொல்லி என் பையில் வைத்தார்கள்.

ஆப்பும் எழுதறேன். ஆனா காலண்டர்தான் முதல்ல போய்ச் சேரும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே. உடம்பைப் பார்த்துக்கோங்க.